கிருமியின் குலம் அறிதல்

முக்கொம்பில் காவிரியினின்று கொள்ளிடம் பிரிய, அவ்விரண்டு நதிகளுக்கும் நடுவே தீவாய் அமைந்திருக்கும் ஸ்ரீரங்கத்து நிலப்பரப்பில், வாழைத் தோட்டம் ஏதேனும் ஒன்றில் வேரடியிலிருந்து ஒரு கிராம் மண்ணை எடுத்தால், அந்தக் கிள்ளு மண்ணுக்குள் வாழும் பாக்டீரியாக்களின் தொகை திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் ஜனத்தொகையைப் பன்மடங்கு மிஞ்சிவிடும். அவற்றுள் சில, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றி வேருக்கு உணவாக்கித் தருகின்றன. சில, மண்ணில் கரையாமல் கிடக்கும் பாஸ்பரஸைக் கரைத்துக் கொடுக்கின்றன. வேறு சில, வாழையின் கிழங்கையே அழுகச் செய்து, நன்றாக நின்ற மரத்தை அடியோடு சாய்த்துவிடுகின்றன. உபகாரியும் அபகாரியும் ஏறக்குறைய ஒரே அளவினவாய், மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து நோக்கினாலும் ஒரே கோலுருவினவாய்க் காட்சியளிப்பதால், எது எந்த இனம் என்று நிர்ணயம் செய்வது விவசாயிக்கும் வைத்தியருக்கும் ஒருங்கே அவசியமான, ஆனால் எளிதில் கைகூடாத காரியமாக இருந்து வந்திருக்கிறது.

இந்த நிர்ணயத்தை அவ்வுயிரின் மரபணுவைப் படித்தே செய்யலாம் என்னும் உண்மை உலகுக்குத் தெரிந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிறது. ஆயினும் நெடுங்காலம் அது செல்வம் மிகுந்த தேசங்களின் பெரிய ஆராய்ச்சிச் சாலைகளுக்கே உரிய வித்தையாக இருந்தது. இன்றோ, திருச்சிராப்பள்ளிக் கலாசாலை ஒன்றில் எம்.எஸ்ஸி. வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி, தான் வளர்த்த பாக்டீரியாவின் பெயரைத் தன் ஆய்வேட்டுக்கென ஒதுக்கிய சொற்பப் பணத்தைக் கொண்டே அறிந்துகொள்ளும் காலம் வந்துவிட்டது. இந்த மாறுதல் எவ்வாறு நேர்ந்தது, சிறு பொருளைக் கொண்டு இக்காரியத்தில் இறங்குவோர் எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கவே கூடாது, அவ்வாறு கிடைக்கும் பெயருக்கு எவ்வளவு பிரமாணம் உண்டு என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய முறையை முதலில் பார்ப்போம். 1884-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்தில் பணியாற்றிய ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்னும் டென்மார்க் தேசத்து வைத்தியர், பாக்டீரியாக்களுக்குச் சாயமேற்றிப் பின் சாராயத்தால் கழுவினால் சில வகைகள் ஊதா நிறத்தை விடாமல் பற்றிக்கொள்வதையும், சில வகைகள் இழந்துவிடுவதையும் கண்டு, இன்றளவும் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் கையாளப்படும் சாயச் சோதனையை வகுத்தார். அதன்பின், இக்கிருமி எந்தச் சர்க்கரையைப் புளிக்கச் செய்கிறது, ஸ்டார்ச்சைச் சிதைக்கிறதா, ஹைட்ரஜன் பெராக்சைடில் இட்டால் நுரைக்கிறதா என்பன போன்ற பல கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு, விடைகளை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பெயரைக் கண்டுகொள்ளும் வழக்கம் நிலைபெற்றது. அவ்வட்டவணைகளுக்கெல்லாம் ஆதாரமான பெர்கியின் கையேடு 1923-ல் முதன்முதலாக வெளிவந்தது. இந்த முறை பொய்யன்று. ஆனால் நாட்கள் பல பிடிப்பது. பார்ப்பவரின் அனுபவத்தைச் சார்ந்திருப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒத்த பழக்கவழக்கமுடைய இரண்டு கிருமிகள் உண்மையிலேயே உறவினர்தாமா, அல்லது ஒரே சூழ்நிலையில் வாழ்ந்ததால் ஒரே பழக்கத்தைக் கற்றுக்கொண்ட அந்நியர்களா என்ற கேள்விக்கு அதனிடம் விடை கிடையாது.

அந்த விடையைத் தேடிப் புறப்பட்டவர் அமெரிக்காவில் இல்லினாய்ஸ் சர்வகலாசாலையில் பணியாற்றிய கார்ல் வோஸ். உயிருள்ளவை அனைத்தும் புரதங்களை உண்டாக்கியே வாழ்கின்றன. புரதத்தை உண்டாக்கும் யந்திரமாகிய ரைபோசோம் எல்லா உயிரணுக்களிலும் இருக்கிறது. அதன் உறுப்புகளுள் 16எஸ் என்று பெயர் பெற்ற ஆர்.என்.ஏ. மூலக்கூறு பாக்டீரியாக்களில் ஏறக்குறைய 1,500 எழுத்துகள் கொண்டது. அதை ஆக்குவதற்கான மரபணு, தலைமுறை தலைமுறையாகப் பிரதி எடுக்கப்பட்டு வருகையில் எப்போதேனும் ஓரெழுத்து மாறிவிடுகிறது. பழைய நூல்களைச் சுவடிகளிலிருந்து பதிப்பித்த அறிஞர்கள், ஒரு சுவடியில் நேர்ந்த எழுத்துப் பிழை வேறு எந்தெந்தச் சுவடிகளில் அப்படியே தொடர்கிறது என்பதைக் கூர்ந்து பார்த்து, எந்தப் பிரதி எதன் வழி வந்தது என்று வம்சாவளி வகுத்தார்கள் அல்லவா? வோஸ் செய்ததும் அதே காரியம்தான். பிழைகள் பொதுவாக இருந்தால் உறவு நெருக்கம், வேறுபட்டால் தூரம். கதிரியக்கம் கொண்ட பாஸ்பரஸை ஊட்டிக் கிருமிகளை வளர்த்து, அவற்றின் ஆர்.என்.ஏ.யைத் துண்டு துண்டாக்கி, புகைப்படத் தகடுகளில் விழும் கரும்புள்ளிகளைப் பல ஆண்டுகள் பொறுமையாகப் படித்த அவர், 1977-ல் ஜார்ஜ் ஃபாக்ஸுடன் சேர்ந்து வெளியிட்ட முடிவு உயிர் நூலையே மாற்றி எழுதச் செய்தது: மீத்தேன் வாயுவை உண்டாக்கும் சில நுண்ணுயிர்கள், பார்வைக்குப் பாக்டீரியாவைப் போலவே இருந்தும், பாக்டீரியாவும் அல்லாமல், மனிதனும் மரமும் அடங்கிய கூட்டமும் அல்லாமல், மூன்றாவதொரு பெருங்குலம் என்பது வெளிப்பட்டது.

இந்த 16எஸ் மரபணுவில் விசேஷமான ஒரு வசதி உண்டு. அதன் சில பகுதிகள் எல்லாப் பாக்டீரியாக்களிலும் ஏறக்குறைய மாறாமல் இருக்கின்றன. அவற்றுக்கிடையே ஒன்பது பகுதிகள் இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன. மாறாத பகுதியைக் கைப்பிடியாகக் கொண்டு எந்தப் பாக்டீரியாவின் மரபணுவையும் பற்றலாம். மாறும் பகுதியைப் படித்து அது யாருடையது என்று சொல்லலாம். முன்பின் அறியாத கிருமி ஒன்றைக்கூட பிரைமர் எனப்படும், மாறாத பகுதியில் ஒட்டிக்கொள்ளும் சிறு டி.என்.ஏ. துண்டுகளின் ஒரே ஜோடியைக் கொண்டு ஆராய முடிவதன் ரகசியம் இதுவே.

வோஸின் முடிவு வெளியான அதே 1977-ல், இங்கிலாந்தில் ஃபிரெடரிக் ஸாங்கர், டி.என்.ஏ.யின் எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சுலபமான முறையொன்றை வெளியிட்டார்; 1958-லேயே ஒரு நோபல் பரிசு பெற்றிருந்த அவருக்கு இது 1980-ல் இரண்டாவதைத் தேடித் தந்தது. 1983-ல் காரி முல்லிஸ் கண்ட பி.சி.ஆர். முறை, ஒரு துளி டி.என்.ஏ.யைக் கோடிக்கணக்கான பிரதிகளாகப் பெருக்கும் உபாயத்தை அளித்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று இரண்டாகும் கணக்குப்படி, முப்பது சுற்றுகளின் முடிவில் ஒன்று 107 கோடியாகும். தொடக்கத்தில் இந்தப் பெருக்கத்தைச் செய்யும் நொதி, ஒவ்வொரு முறை சூடேற்றும்போதும் கெட்டுப்போய், மறுபடி புதிதாகச் சேர்க்க வேண்டியதாயிருந்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வனத்து வெந்நீர் ஊற்றுகளில் 1960-களில் தாமஸ் பிராக் கண்டெடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்னும் பாக்டீரியா, கொதிநிலைக்குச் சற்றே குறைந்த சூட்டையும் தாங்கும் நொதியை உடையதாக இருந்தது. டாக் என்று அழைக்கப்படும் அந்நொதி கிடைத்தபின்தான் பி.சி.ஆர். எளிய ஆய்வகங்களின் வாசலுக்கு வந்தது. எவ்விதப் பயனையும் உத்தேசிக்காமல், வெந்நீரில் என்ன வாழ்கிறது என்று அறியும் ஆவலால் மட்டும் ஒருவர் சேகரித்து வைத்த கிருமி, பிற்காலத்தில் உலகத்துக் கிருமிகளையெல்லாம் அடையாளம் காணும் கருவியாயிற்று.

இனி, ஸ்ரீரங்கத்து வாழை மண்ணோடு புறப்பட்ட நம் மாணவியைப் பின்தொடர்வோம். மண்ணைச் சுத்தமான நீரில் கரைத்து, பத்தில் ஒன்றாகப் பலமுறை நீர்க்கச் செய்து, பெட்ரித் தட்டில் உறைந்திருக்கும் அகர் மேல் அவள் பரப்புகிறாள். இந்த அகரும் நம் கடற்கரைக்குப் பரிச்சயமான பொருளே: மண்டபம், ராமேசுவரம் பகுதிக் கடலில் மரிக்கொழுந்துப் பாசி என்று அழைக்கப்படும் கடற்பாசியை எடுத்து அதிலிருந்து அகர் காய்ச்சும் தொழில் மதுரையில் நடந்து வருகிறது. ஓரிரு நாளில் தட்டின்மேல் வெள்ளையும் மஞ்சளுமாகக் காலனிகள் தோன்றுகின்றன. அவற்றுள் ஒன்றைத் தொட்டு வேறு தட்டில் கீறி, அதில் தனித்து எழும் காலனியை மறுபடியும் கீறி, கலப்பில்லாத ஒரே வகை கிடைக்கும்வரை அவள் பொறுமையாகச் செய்யும் வேலைக்குச் செலவு மிகக் குறைவு. ஆனால் பின்வரும் அத்தனை செலவின் பயனும் இதையே பொறுத்தது. இரண்டு கிருமிகள் கலந்த காலனியை எவ்வளவு விலையுயர்ந்த யந்திரத்தில் இட்டாலும், ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இரண்டு எழுத்து வரிசைகள் குழம்பி வருமேயன்றிப் பெயர் வராது.

அடுத்து, டி.என்.ஏ.யை வெளியே கொணர்தல். இதற்கென விற்கும் பெட்டிகள் விலை மிகுந்தவை. பல பாக்டீரியாக்களுக்கு அவை வேண்டுவதே இல்லை: ஒரு காலனியைச் சுத்த நீரில் கலக்கிப் பத்து நிமிஷம் கொதிநீரில் வைத்து, சுழற்சி யந்திரத்தில் இட்டு அடியில் படிவதை நீக்கினால், மேலே நிற்கும் தெளிவில் பி.சி.ஆருக்குப் போதுமான டி.என்.ஏ. இருக்கும். தடித்த சுவருடைய பாஸில்லஸ் போன்றவற்றுக்கு மட்டும் லைசோசைம் முதலியவற்றின் துணை வேண்டும். பின்னர், 27எஃப், 1492ஆர் என்று உலகெங்கும் வழங்கும் பிரைமர் ஜோடியையும் டாக் நொதியையும் நான்கு எழுத்துக்களின் மூலப்பொருளையும் சேர்த்து, 95 டிகிரியில் இழைகளைப் பிரித்து, 55 டிகிரியை ஒட்டிப் பிரைமரை ஒட்டச் செய்து, 72 டிகிரியில் புதிய இழையை வளரவிட்டு, இம்மூன்றையும் முப்பது முறை திருப்பிச் செய்தால் மரபணு பெருகிவிடுகிறது. பிரைமர்களை ஒருமுறை வாங்கினால் நூற்றுக்கணக்கான பரிசோதனைகளுக்குப் போதும். யந்திரமில்லாத காலத்தில் மூன்று வெந்நீர்த் தொட்டிகளை வெவ்வேறு சூட்டில் வைத்துக் குழாய்களைக் கையாலேயே மாற்றி மாற்றிச் செய்தவர்களும் உண்டு.

பெருக்கிய டி.என்.ஏ.யை அகரோஸ் கூழில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால், அது நேர்மின் முனையை நோக்கி நகர்ந்து, 1,500 எழுத்து நீளத்துக்குரிய இடத்தில் ஒற்றைக் கோடாக ஒளிரும். இது வந்தபின்தான் பணம் செலவாகும் கட்டம் தொடங்குகிறது. இங்கேதான் காலத்தின் பெரும் மாறுதலும் தெரிகிறது. வரிசை படிக்கும் யந்திரத்தைக் கலாசாலை வாங்க வேண்டியதில்லை. குழாயில் எடுத்த சில துளிகளைப் பொதிந்து சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள வரிசை படிக்கும் ஆய்வகங்களுக்கு அனுப்பினால், ஒரு திசையில் படித்துத் தர ஒரு மாதிரிக்குச் சில நூறு ரூபாயே ஆகிறது. சில நாளில் மின்னஞ்சலில் வண்ண அலைகள் கொண்ட கோப்பு வந்துவிடுகிறது. மனித மரபணுத் தொகுதியை முதன்முறை படிக்க 1990 முதல் 2003 வரை பதின்மூன்று ஆண்டுகளும் ஏறக்குறைய 300 கோடி டாலரும் செலவாயின என்பதை நினைத்தால், அந்தப் பெருமுயற்சி மலிவாக்கிய வித்தையின் பயன் இன்று மாணவர்களின் மேஜைவரை வந்திருப்பது புலனாகும்.

வந்த வரிசையை எதனோடு ஒப்பிடுவது? பாரதிதாசன் பல்கலைக்கழகம் திருச்சிராப்பள்ளியில் தோன்றிய அதே 1982-ஆம் ஆண்டில், ஜென்பேங்க் என்னும் உலகப் பொதுப் பண்டகசாலை அமெரிக்காவில் தொடங்கப்பெற்றது. உலகத்து ஆராய்ச்சியாளர்கள் தாம் படித்த வரிசைகளையெல்லாம் அதில் இட்டு வைக்கிறார்கள். யார் வேண்டுமாயினும் கட்டணமின்றி எடுத்துப் பார்க்கலாம். 1990-ல் வெளிவந்த பிளாஸ்ட் என்னும் கணிப்பு முறை, நம் வரிசையை அந்தப் பண்டகசாலையில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, மிகவும் ஒத்தவை இவை இவை என்று வரிசைப்படுத்தித் தருகிறது. 98.7 சதவிகிதத்துக்கும் குறைவான ஒற்றுமையே காணப்பட்டால் புதிய இனமாக இருக்கக்கூடும் என்பது இன்று பலரும் ஏற்றுள்ள அளவுகோல்.

ஆராய்ச்சியில் சிக்கனம் என்பது இவ்வூருக்குப் புதிதன்று. 1888-ல் ஸ்ரீரங்கத்துக்கு அயலிலுள்ள திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன், சூரிய ஒளியையும் வண்ணக் கண்ணாடி வடிகட்டிகளையும் தம் கண்களையும் முதற்கருவிகளாகக் கொண்டு தொடங்கிய பரிசோதனைதான் 1928-ல் ராமன் விளைவாக மலர்ந்தது. அவ்விளைவை அடிப்படையாகக் கொண்ட நிறமாலைமானிகள் இன்று பாக்டீரியாவை இனம் காணவும் பயன்படுகின்றன. ஆனால் எளிய கருவி வேறு, அரைகுறை வேலை வேறு. கிருமி ஆராய்ச்சியில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கலாகாது என்ற விவேகம் முதலில் வேண்டும்.

குறைக்கத்தக்கவை பல. ஐம்பது காலனிகளைப் பிரித்தெடுத்த ஒருவர் ஐம்பதையும் படிக்க அனுப்ப வேண்டிய அவசியமில்லை. பெருக்கிய 16எஸ் மரபணுவைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டும் நொதியால் வெட்டிக் கூழில் ஓட்டினால், ஒரே வகையானவை ஒரே கோட்டுக் கோலத்தைக் காட்டும். ஒரு கோலத்துக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் செலவு பலமடங்கு குறையும். பேரினம் மட்டும் தெரிந்தால் போதுமென்றால் ஒரு திசையில் கிடைக்கும் எழுநூறு எண்ணூறு எழுத்துகளே போதும். இன்னும், கேள்விக்கு வரிசையே தேவையில்லாத இடத்தில் அதைச் செய்யாதிருப்பதும் சிக்கனமே: கொள்ளிடத்து நீரில் மலக்கழிவு கலந்திருக்கக்கூடுமா என்று அறியக் கோலிபார்ம் சோதனை போதும், அந்த நீரிலுள்ள ஒவ்வொரு கிருமியின் வம்சாவளியும் வேண்டியதில்லை.

குறைக்கத்தகாதவை சில. டி.என்.ஏ. எதுவும் இடாத வெற்றுக் குழாய் ஒன்றை ஒவ்வொரு பி.சி.ஆரிலும் உடன் வைக்க வேண்டும். பாக்டீரியா டி.என்.ஏ. காற்றிலும் கையிலும், ஏன், விலைக்கு வாங்கிய நொதியிலும்கூட இருக்கக்கூடுமாதலால், வெற்றுக் குழாயிலும் கோடு தோன்றினால் அன்றைய முடிவுகள் அனைத்தையும் தள்ளிவிட வேண்டும். ஒரு குழாயின் விலையை மிச்சப்படுத்த எண்ணி இதை விடுபவர், தம் கைக்கிருமியின் பெயரையே புதிய கண்டுபிடிப்பாக வெளியிட நேரலாம். இனத்தின் பெயரையே உறுதியாகச் சொல்ல விரும்புவோர் இரண்டு திசைகளிலும் படித்து முழு நீளத்தையும் சேர்க்க வேண்டும். அலைகள் கொண்ட கோப்பைத் தம் கண்ணால் பார்த்து, தெளிவில்லாத முதலையும் முடிவையும் வெட்டி நீக்கவும் வேண்டும்.

நம் நகரத்திலேயே இவ்வித ஆராய்ச்சிக்கு ஒரு பெரிய சான்று உண்டு. கடற்கரையினின்று வெகு தூரம் உள்ளே அமைந்த திருச்சிராப்பள்ளியில், பாரதிதாசன் பல்கலைக்கழகத்து வளாகத்தில், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு 1991-ல் கடல்சார் சயனோபாக்டீரியாக்களுக்கான தேசிய நிலையம் ஏற்படுத்தப்பட்டது. பேராசிரியர் ஜி. சுப்பிரமணியன் முதலியோரின் உழைப்பால் இந்தியக் கடற்கரைகளிலிருந்து கொணர்ந்த நுண்ணுயிர்கள் அங்கே உயிருடன் பேணப்பட்டு, பி.டி.யு. என்னும் முன்னெழுத்தோடு எண்ணிடப்பட்டன. ஃபார்மிடியம் வால்டேரியானம் பி.டி.யு. 30501 என்னும் வகை ஃபீனால் நஞ்சைச் சிதைக்கும் திறமுடையது என்றும், ஆஸில்லேட்டோரியா போரியானா பி.டி.யு. 92181 என்னும் வகை சாராய ஆலைக் கழிவின் கரும்பழுப்பு நிறத்தை நீக்கவல்லது என்றும் இங்குள்ளோர் காட்டிய முடிவுகள் வெளிநாட்டு ஆய்விதழ்களிலும் இடம்பெற்றன.

இந்தச் சயனோபாக்டீரியாக்களை நாம் நீலப்பச்சைப் பாசி என்று சொல்லி வந்தோம். வயலில் தேங்கிய நீரிலும் கோயில் தெப்பக்குளத்திலும் படர்வன இவற்றின் இனத்தவை. இவற்றை இனம்பிரிக்கும் கலையில் உலகமே மதித்த பிரமாண நூல், சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்த டி.வி. தேசிகாச்சாரி எழுதி 1959-ல் வெளிவந்த ‘சயனோஃபைட்டா’ என்னும் பெருநூல். இழையின் அகலம், உறையின் தடிப்பு, நுனியணுவின் வடிவம் ஆகியவற்றைக் கண்ணால் அளந்து வகுத்த அந்நூல் இன்றும் மேஜையைவிட்டு அகலவில்லை. ஆனால் 16எஸ் மரபணுவைப் படிக்கத் தொடங்கியபின், ஃபார்மிடியம் என்றும் ஆஸில்லேட்டோரியா என்றும் உருவ ஒற்றுமையால் ஒரே பெயரின்கீழ் அடங்கியவை பல, ஒன்றோடொன்று தூர உறவுடைய வெவ்வேறு குலத்தவை என்று தெரியவந்தது. கண்ணின் சாட்சியை மரபணு ரத்து செய்துவிட்டதென்று இதற்குப் பொருளில்லை. உருவம் தந்த பெயரை வம்சாவளியோடு ஒத்துப்பார்க்கும் இரண்டாவது சாட்சி கிடைத்தது என்பதே பொருத்தம்.

இந்த இரண்டாவது சாட்சியும் எல்லாம் அறிந்ததன்று. அதன் எல்லையைக் காட்ட, இந்நகரத்தோடு சம்பந்தமுள்ள ஒரு வரலாறே இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு ஏப்ரலில் இஸ்ரோ நிறுவனம் ஐதராபாத்திலிருந்து அனுப்பிய பெரும் பலூன் ஒன்று, 20 முதல் 41 கிலோமீட்டர் வரை உயரத்தில் காற்றைச் சேகரித்து இறங்கியது. அதில் பன்னிரண்டு பாக்டீரியாக் காலனிகள் வளர்ந்தன. 16எஸ் மரபணுவைப் படித்ததில் ஒன்பது, பூமியில் அறியப்பட்ட இனங்களோடு 98 சதவிகிதத்துக்கு மேல் ஒத்திருந்தன. எஞ்சிய மூன்றும் புதியவை. 2009-ல் அவற்றுக்குப் பெயரிட்டபோது, ஒன்றுக்கு வானநூல் அறிஞர் ஹாயிலின் பெயரும், ஒன்றுக்கு ஆரியபட்டரின் பெயரும், மற்றொன்றுக்கு இஸ்ரோவின் பெயரும் சூட்டப்பட்டன. இஸ்ரோவின் பெயர் பெற்றது பின்னாளில் ஸோலிபாஸில்லஸ் என்னும் பேரினத்துக்கு மாற்றப்பட்டது.

சில ஆண்டுகள் கழித்து, விண்வெளியில் சுழலும் சர்வதேச நிலையத்தின் காற்று வடிகட்டியிலிருந்து கிடைத்த ஒரு பாக்டீரியாவை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்காவின் நாசா ஆய்வகத்தில் பணியாற்றிய கஸ்தூரி வெங்கடேஸ்வரனின் குழுவினர் ஆராய்ந்தனர். அதன் 16எஸ் மரபணு, இஸ்ரோவின் பெயர் கொண்ட அந்தப் பலூன் பாக்டீரியாவினுடையதோடு ஏறக்குறைய முழுவதும் ஒத்திருந்தது. 16எஸ் ஒன்றையே நம்பியிருந்தால் இரண்டும் ஒன்றே என்று முடிவு கட்டியிருப்பார்கள். டி.என்.ஏ. முழுவதையும் ஒப்பிட்ட சோதனையோ இரண்டும் வேறு இனம் என்று காட்டியது. திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் பௌதிகம் பயின்று 1954-ல் பட்டம் பெற்ற அப்துல் கலாமின் நினைவாக, 2017-ல் அதற்கு ஸோலிபாஸில்லஸ் கலாமி என்று பெயரிட்டார்கள்.

இவ்விஷயம் விண்வெளிக்கு மட்டும் உரியதன்று. மாட்டுக்கும் மனிதனுக்கும் ஆந்த்ராக்ஸ் நோயைத் தரும் பாஸில்லஸ் ஆந்த்ராஸிஸ், பழஞ்சோற்றில் பெருகி வாந்தி உண்டாக்கும் பாஸில்லஸ் ஸீரியஸ், பயிர்ப்புழுக்களைக் கொல்ல வயலில் தெளிக்கும் பாஸில்லஸ் துரிஞ்ஜியென்ஸிஸ் ஆகிய மூன்றின் 16எஸ் வரிசைகளும் ஏறக்குறைய ஒன்றே. குடலில் சாதாரணமாக வாழும் ஈ.கோலையையும் சீதபேதி தரும் ஷிகெல்லாவையும் இம்முறை பிரித்துக் காட்டாது. இவ்வாறு 16எஸ் பிரித்துக் காட்டாத இடங்கள் பலவற்றில் ஜைரேஸ் பி, ஆர்.பி.ஓ. பி முதலிய வேறு மரபணுக்களையும் படிக்க வேண்டும்; அல்லது மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து, சராசரி ஒற்றுமை 95 அல்லது 96 சதவிகிதத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் நானோபோர் கருவிகள் வந்தபின் இதுவும் எட்டாக்கனியாக இல்லை. 2016-ல் விண்வெளி நிலையத்திலேயே கேட் ரூபின்ஸ் என்னும் வீராங்கனை அத்தகைய கருவியால் டி.என்.ஏ.யைப் படித்தார். ஆயினும் அதற்குரிய தகடுகளும் ரசாயனங்களும் இன்னும் விலை கூடியவை. பல கலாசாலைகள் சேர்ந்து வாங்கி, மாதிரிகளைக் குறியிட்டு ஒன்றாக ஓட்டினால்தான் கட்டுப்படியாகும்.

பொதுப் பண்டகசாலையிலும் குறையுண்டு. அங்கே இடுவோர் தவறான பெயரோடு இட்டால் அத்தவறு அடுத்தவர் விடையில் தொற்றிக்கொள்கிறது. ஆதலால் முதலில் வந்த பெயரையே பிடித்துக்கொள்ளாமல், அவ்வினத்துக்கு ஆதாரமாகப் பாதுகாக்கப்படும் மூல வகையின் வரிசையோடு ஒப்பிடுவதும், நெருங்கிய உறவினங்களைச் சேர்த்து வம்சாவளி மரம் வரைவதும், சாயச் சோதனை முதலிய பழைய சாட்சிகள் ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பதும் கடமை. கிராம் சாயத்தில் ஊதாவாக நின்ற கிருமிக்கு ஈ.கோலை என்று கணிப்பொறி பெயர் சொன்னால், குழாய் மாறியிருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளலாம். நூற்றுநாற்பது ஆண்டுப் பழமையான, சில ரூபாய் மட்டுமே செலவாகும் அந்தச் சோதனை இன்னும் இவ்விதத்தில் பெரிய காவலாக நிற்கிறது.

இவ்வளவும் எண்ணிப் பார்த்தால், சிறு பொருளில் செய்யும் இந்த ஆராய்ச்சியின் ஜீவநாடி யந்திரத்தின் மலிவில் இல்லை என்பது விளங்கும். யாரோ முன்பின் அறியாதவர்கள் தம் செலவில் படித்து, பொதுவில் வைத்த லட்சக்கணக்கான வரிசைகள் இல்லாவிடில், நம் மாணவியின் 1,500 எழுத்துகளுக்குப் பொருளே இராது. அவள் சில நூறு ரூபாயில் ஒரு பெயரை அறிய முடிவது, ஏற்கனவே பலர் பெருஞ்செலவு செய்து விட்டுப்போனதால்தான்.

ஆதலின், திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் உள்ள கலாசாலைகளின் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் எத்தனையோ ஆய்வேடுகள் கட்டுக்கோப்பாகப் பைண்டு செய்யப்பட்டு அலமாரியில் அடுக்கப்படுகின்றன. அவற்றிலுள்ள வரிசைகளை, எந்த ஊரின் எந்த மண்ணில் எந்த மாதத்தில் எடுத்தது என்ற விவரத்தோடு, ஜென்பேங்கிலோ ஃபரிதாபாத்தில் 2022-ல் திறக்கப்பட்ட இந்திய உயிரியல் தரவு மையத்திலோ பதிந்துவிடுங்கள். உயிருள்ள கிருமியை, 1986 முதல் சண்டிகரில் இயங்கும் நுண்ணுயிர்க் களஞ்சியத்துக்கோ புனேயில் உள்ள களஞ்சியத்துக்கோ அனுப்பி வையுங்கள். புதிய இனமென்று உரிமை கொண்டாட விரும்புவோர் இரண்டு தேசங்களின் களஞ்சியங்களில் வைத்தே தீரவேண்டும் என்பது சர்வதேச விதி. வெளிநாட்டுக்கு அனுப்புவோர் 2002-ஆம் ஆண்டின் உயிரியப் பல்வகைமைச் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். தான் கண்ட பெயரைத் தன் அலமாரியில் பூட்டி வைப்பவர், நாளை அதே வாழைத் தோட்டத்துக்கு வரும் வேறொரு மாணவியை அதே செலவை மறுபடியும் செய்யவைக்கிறார். அதைப் பொதுவில் வைப்பவரோ அச்செலவை மிச்சப்படுத்துகிறார். சிக்கனமான விஞ்ஞானத்துக்கு இதைக்காட்டிலும் மலிவான உபகரணம் இதுவரை யாரும் செய்யவில்லை.